கிராமத்துப் பழைய வீடு: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்துகொண்டு, ஹங்வெல்லை, பாதுக்கை, அவிசாவளைப் பக்கம் ஒரு பழைய வீட்டை வார இறுதி ஓய்வுக்கென்று திருத்துகிறவர்களுக்காக இது. அந்தப் பக்கத்து வீடுகளின் கட்டுமானம் பெரும்பாலும் ஒரே மாதிரி: ஒன்றரை அடித் தடிப்பில் கபுக் கல் (செம்புரைக் கல்) சுவர், சுண்ணாம்புப் பூச்சு, பலா அல்லது தென்னங் கைமரம், மேலே அரைவட்ட நாட்டு ஓடு அல்லது தட்டையான கலிக்கட் ஓடு, முன்னால் திறந்த விறாந்தை. கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மி.மீ. மழை பெய்கிறது. அவிசாவளையில் அதைவிடக் கூட. அந்த மழையைத் தாங்கத்தான் இவை கட்டப்பட்டன. ஆனால் அப்போது வீட்டில் நாள் முழுக்க ஆட்கள் இருந்தார்கள், கதவு திறந்து கிடந்தது, அடுப்புப் புகை கூரை மரத்தைக் காய வைத்தது. இப்போது திங்கள் முதல் வெள்ளி வரை பூட்டு. கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இரண்டு காரணங்களில் வந்து முடியும்: தண்ணீர் வெளியேற வழியில்லை, அல்லது காற்று உள்ளே வர வழியில்லை.

வேலையின் ஒழுங்கு முக்கியம். முதலில் கூரை, அடுத்தது வீட்டைச் சுற்றிய நிலம், பிறகு மரம், மின்சாரம், சுவர்ப் பூச்சு. பெயின்ற் கடைசி. இதைத் தலைகீழாகச் செய்தவர்கள் இரண்டு தரம் செலவழிக்கிறார்கள். வீடு 1815 மார்ச் 2-க்கு முந்தியது என்று நம்ப இடமிருந்தால் கையை வைக்கும் முன் தொல்பொருள் திணைக்களத்தைக் கேளுங்கள். சட்டம் அந்தத் திகதியைத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. மற்ற வீடுகளுக்கு, கட்டமைப்பை மாற்றுவதென்றால் பிரதேச சபை அனுமதி.

கையில் வேண்டியவை: நல்ல ரோர்ச், மெல்லிய ஸ்குறூ ட்ரைவர், வெண்கட்டி, சமையலறை அலுமினியத் தாள், ஒட்டுநாடா. முதல் பார்வைக்கு வெயில் நாளைத் தெரிவு செய்யாதீர்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போது வீட்டுக்குள் ஒரு மணி நேரம் நின்றால், வெயிலில் பத்துத் தரம் போய்ப் பார்த்தாலும் தெரியாதது தெரியும்.

அறிகுறி: கூரை ஒழுகுகிறது

எப்போது ஒழுகத் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். மழை விழுந்த உடனே சொட்டினால் ஓடு உடைந்திருக்கிறது அல்லது வழுக்கி இறங்கியிருக்கிறது. மழை தொடங்கி அரை மணி, ஒரு மணி கழித்துச் சொட்டினால் முகட்டுச் சாந்து வெடித்திருக்கிறது, அல்லது இரண்டு கூரை சேரும் மூலைப் பீலியில் இலை அடைத்திருக்கிறது. காற்றோடு மழை வரும்போது மட்டும் சொட்டினால் ஓட்டின் மேல்படிவு போதவில்லை. நாட்டு ஓட்டில் ஒன்றின்மேல் மற்றது குறைந்தது 3 அங்குலம் படிய வேண்டும்.

சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடுவது வீண். தண்ணீர் ஓட்டைத் தாங்கும் சலாகையில் இறங்கி, கைமரத்தின் அடிப்பக்கத்தைப் பிடித்து ஐந்தாறு அடி ஓடிவந்து, ஒரு ஆணித்தலையிலோ முடிச்சிலோ தடக்கிச் சொட்டும். ரோர்ச்சைக் கைமரத்தோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால் ஈரக் கோடு மினுங்கும். அந்தக் கோட்டை முகட்டுப் பக்கமாகத் தொடர்ந்து போய், அது தொடங்கும் இடத்தில் வெண்கட்டியால் திகதியோடு குறி வையுங்கள். மழை விட்டபின் அந்தக் குறிக்கு மேலே உள்ள நாலைந்து ஓட்டை மட்டும் கழற்றினால் போதும்.

பழைய ஓட்டைத் திரும்பப் போடுமுன் விரல் மொழியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது, மந்தமாக ஒலித்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. நாட்டு ஓட்டுக்கு இன்னொரு சோதனை உண்டு: குழிந்த பக்கத்தை மேலே வைத்து, இரு முனையையும் களிமண்ணால் அடைத்து, தண்ணீர் ஊற்றி இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். அடிப்பக்கம் நிறம் மட்டும் கருத்தால் பாதகமில்லை. துளி கட்டினால் அது கூரைக்கு ஆகாது. புதிதாக வாங்கும்போது பழைய ஓட்டில் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். தங்கொட்டுவை, வைக்கால் பக்கத்துச் சூளைகளில் அளவு ஒன்றுக்கொன்று வித்தியாசப்படும். கால் அங்குல வித்தியாசமும் வரிசையைத் தூக்கிவிடும். தேவைக்கு மேல் பத்துக்கு ஒன்று கூட வாங்கி, நிலத்தில் அல்ல, கட்டையின்மேல் நிறுத்தி வையுங்கள். நிலத்தோடு அடுக்கிய ஓட்டுக் குவியலில் பாம்பு தங்கும்.

முகட்டுக்குத் தனிச் சீமெந்துச் சாந்து வேண்டாம். வெயிலில் ஓடு விரியும், சீமெந்து வளைந்து கொடுக்காது, அடுத்த மழைக்கு அதே இடத்தில் மயிரிழை வெடிப்பு விழும். சீமெந்து 1, சுண்ணாம்பு 1, மணல் 6 என்று குழையுங்கள். பாசியை எடுக்கப் பிரஷர் தண்ணீர் அடிக்கிற வேலையை எந்த மேசன் பாஸ் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது ஓட்டின் தோலை உரித்துவிடும், தண்ணீரைப் படிவுக்குள் ஏற்றிவிடும். காய்ந்த நாளில் தேங்காய்த் தும்புத் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தேய்த்தால் போதும்.

கிழமைக்கு ஒருமுறை கூடக் கூரையைக் கவனிக்க ஆளில்லாத வீட்டுக்கு வேறொரு தீர்வு உண்டு. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா பரவலாக்கிய முறை அது: கீழே நெளிவுச் சீமெந்துத் தகடு, அதன் நெளிவுகளில் நாட்டு ஓடு. தண்ணீரைத் தகடு தடுக்கும், வெயிலை ஓடு தாங்கும், ஓடு நகர்ந்தாலும் வீடு நனையாது. அஸ்பெஸ்ரஸ் கலவாத தகடாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் ஏற்கெனவே பழைய அஸ்பெஸ்ரஸ் தகடு இருந்தால் அதைக் காய்ந்தபடி அறுக்கவோ துளைக்கவோ உடைக்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் வெளியே வராது.

அறிகுறி: சுவரின் அடிப்பகுதியில் வெள்ளைப் பூப்பு, பெயின்ற் கொப்புளம்

அதிகம் பிழையாகத் திருத்தப்படுவது இதுதான். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பிரித்தறிய வேண்டும். ஒரு அடிச் சதுர அலுமினியத் தாளைச் சுவரில் நாலு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், நனைந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் நனைந்தால் அறையின் காற்றில் இருக்கிறது. அதற்குக் கீழே புழுங்கல் மணம் பற்றிய பகுதியைப் பாருங்கள்.

சுவருக்குள் என்றால், அடுத்த கேள்வி எந்த உயரம். தரையிலிருந்து மூன்று அடி வரை ஒரே சீராக ஏறியிருந்தால் நிலத்திலிருந்து உறிஞ்சுகிறது. வெளிப்பக்கத்தில் மட்டும் ஒன்றரை அடிக்குக் கீழே மண் தெறித்த அடையாளத்தோடு இருந்தால் கூரைத் தண்ணீர் நிலத்தில் விழுந்து சுவரில் அடிக்கிறது. நடுச் சுவரில் திட்டாக இருந்தால் மேலே ஒழுக்கு அல்லது உள்ளே பழைய தண்ணீர்க் குழாய்.

கபுக் கல் பஞ்சு மாதிரி ஈரத்தை இழுக்கும், விடும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை இழுத்த ஈரம் பூச்சு வழியாகக் காற்றில் போய்க்கொண்டிருந்தது. பிறகு யாரோ ஒருவர் கீழ்ப்பகுதியைச் சீமெந்தால் பூசி, எமல்ஷன் அடித்து, வெளியே சுவரோடு ஒட்டிச் சீமெந்துத் தரையும் போட்டுவிட்டார். ஈரத்துக்குப் போக வழியில்லை, அது இன்னும் மேலே ஏறுகிறது. நான்கடி வரை சீமெந்து பூசினால் ஐந்தடியில் பூக்கும்.

திருத்தம் வெளியிலிருந்து தொடங்க வேண்டும். வெளி நிலத்தை உள் தரையைவிட 6 அங்குலமாவது கீழே இறக்குங்கள். ஆண்டுக்கணக்காகக் கூட்டிக் குவித்த மண்ணும் பூப்பாத்தியும் அந்த உயரத்தைத் தின்றிருக்கும். தாழ்வாரத் தண்ணீர் விழும் கோட்டில் ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, நூறு அடிக்கு ஒரு அடி சரிவு வைத்து, முக்கால் அங்குலச் சல்லி நிரப்புங்கள். வெட்டுமுன் அத்திவாரத்தின் ஆழத்தை ஒரு இடத்தில் தோண்டிப் பாருங்கள். சில வீடுகளில் அது ஒன்றரை அடிதான். அத்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே வாய்க்கால் போனால் சுவர் இறங்கும்.

அதன்பின் சீமெந்துப் பூச்சை ஈரக் கோட்டுக்கு ஒரு அடி மேல் வரை கொத்தி எடுங்கள். சிறிய உளி, சிறிய சுத்தியல் போதும். பெரிய சுத்தியல் கபுக்கின் முகத்தையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். வெள்ளை உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி, கூட்டி அள்ளி வெளியே போடுங்கள். தண்ணீரால் கழுவினால் உப்புக் கரைந்து திரும்பவும் உள்ளே போகும். பிறகு சுவரை உலர விடுங்கள். ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. ஒன்றரை அடிச் சுவருக்கு அது ஒன்றரை ஆண்டு. அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை, ஏனென்றால் சுண்ணாம்புப் பூச்சுக்குப் பின்னும் சுவர் உலர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் ஒரு வெயில் பருவமாவது, ஜனவரி முதல் மார்ச் வரை, திறந்து விடுங்கள்.

பூச்சுக்கு ஊறிய சுண்ணாம்பு 1, கழுவிய ஆற்று மணல் 3. நூறு சதுர அடிக்கு முக்கால் அங்குலத் தடிப்பில் பூச, பத்து லீற்றர் வாளியால் சுண்ணாம்பு 7 வாளி, மணல் 21 வாளி, சேதாரத்தோடு. மாத்தளைப் பக்கத்துச் சுண்ணாம்பு டொலமைற் கல்லில் சுட்டது. அதிலுள்ள மக்னீசியம் மெதுவாகத்தான் நீறும். பையிலிருந்து நேரே குழைத்தால் பூசிய பின் சுவரில் நீறிக் கொப்புளிக்கும். பீப்பாயில் தண்ணீர் ஊற்றி, சுண்ணாம்புக்கு மேல் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி குறைந்தது இரண்டு கிழமை ஊற வையுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு றபர் உறை கட்டாயம். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் உடனே ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் கழுவி, வைத்தியசாலைக்குப் போங்கள்.

சுவரை நனைத்துவிட்டு அரை அங்குலம் முதல் பூச்சு. ஒரு கிழமை கழித்துக் கால் அங்குலம் இரண்டாவது. சுண்ணாம்பு காய்ந்து இறுகுவதில்லை, காற்றிலுள்ள கரியமிலவாயுவை எடுத்து இறுகுகிறது. அதற்கு ஈரம் வேண்டும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, ஐந்து நாள் காலையும் பின்னேரமும் தெளியுங்கள். ஞாயிறு பின்னேரம் பூசிவிட்டுக் கொழும்புக்குத் திரும்புகிறவர்களின் பூச்சுத்தான் அடுத்த சனிக்கிழமை மாவாக உதிர்கிறது. ஊரில் ஒருவருக்கு நாட்கூலி கொடுத்துத் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். விரல் நகத்தால் கீறிப் பாருங்கள்: கோடு மட்டும் விழுந்தால் சரி, குழி விழுந்தால் அவசரமாக உலர்ந்திருக்கிறது, அல்லது மணலில் களி அதிகம். மணலைப் போத்தலில் தண்ணீரோடு குலுக்கி ஒரு இரவு வைத்தால், மேலே படியும் களி மணலின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது.

வெள்ளையடிப்பும் சுண்ணாம்பால்தான். பால் போல மெலிதாக நாலைந்து தரம். தடிப்பாக ஒருதரம் அடித்தால் செதிலாக உரியும்.

அறிகுறி: சனிக்கிழமை கதவைத் திறந்ததும் புழுங்கல் மணம்

கதவு, யன்னலுக்கு மேலே உள்ள மரச் சல்லடைகளைப் பாருங்கள். முன்பு இருந்தவர்கள் கொசுவுக்குப் பயந்து பலகையோ கண்ணாடியோ அடித்து மூடியிருப்பார்கள். அதைக் கழற்றி நுண்வலை அடித்தால் பாதிப் பிரச்சினை தீரும். சுவரோடு ஒட்டிய அலுமாரியை மூன்று அங்குலம் முன்னே இழுங்கள். மெத்தையைச் சட்டக் கட்டிலில் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போங்கள். அலுமாரிக் கதவுகள் திறந்தே இருக்கட்டும். திரும்பி வந்தால் காலை பத்து மணிக்குப் பின் எல்லாவற்றையும் திறந்து, நாலு மணிக்கு மூடுங்கள். விடியற்காலைக் காற்று ஈரத்தைக் கொண்டுவரும். மழைக்கு முன் சிவப்புச் சீமெந்துத் தரை வியர்ப்பதும் இதனால்தான், நிலத்து ஈரம் என்று பயந்து அதன்மேல் மாபிள் ஒட்டாதீர்கள். தரை வழியாக வெளியேறும் ஈரம் வழியின்றிச் சுவருக்குத் திரும்பும்.

அறிகுறி: மரத்தின் கீழே தூள்

தூளை வெள்ளைக் கடதாசியில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். மா போல நைந்து, மரத்தில் குண்டூசித் துளை இருந்தால் துளைக்கும் வண்டு. கசகசா போலத் தனித்தனி மணியாக உருண்டால் உலர்மரக் கறையான், அது மரத்துக்குள்ளேயே குடியிருக்கிறது. தூளே இல்லாமல் சுவரில் பென்சில் தடிப்பில் மண் குழாய் ஏறினால் நிலக் கறையான். மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல.

நிலக் கறையானைக் கண்டவுடன் மருந்து அடிக்காதீர்கள். குழாயின் நடுவில் இரண்டு அங்குலம் உடைத்துவிட்டு ஒரு கிழமை விடுங்கள். திரும்பக் கட்டியிருந்தால் உயிரோடு இருக்கிறது. பின் அது எங்கிருந்து வருகிறது என்று கீழே தேடுங்கள்: மண்ணில் புதைந்த நிலைக்கால், வெட்டிய மரக்குற்றி, சுவரோரம் அடுக்கிய விறகு, அட்டைப்பெட்டி. அந்தத் தொடர்பை அறுத்தபின்தான் நிலத்துக்கு மருந்து. அதை உரிமம் உள்ளவர்களிடம் விடுங்கள், கிணறு எங்கே இருக்கிறது என்று முதலிலேயே சொல்லி.

வண்டுக்கும் உலர்மரக் கறையானுக்கும், பெயின்ற் படாத உள் மரத்தில், போராக்ஸ் 600 கிராம், போரிக் அமிலம் 400 கிராம், சுடுநீர் 10 லீற்றர் கரைத்து இரண்டு தரம் பூசுங்கள். மழை படும் மரத்தில் அது கழுவுண்டு போகும்.

கைமரத்தின் பலத்தை, சுவரில் குந்தும் நுனியில் ஸ்குறூ ட்ரைவரால் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்த நுனி போய்விட்டது. முழு மரத்தையும் மாற்றத் தேவையில்லை. நல்ல பகுதிக்குள் மூன்று அடி போகும்படி பக்கத்தில் இணைமரம் வைத்து, அரை அங்குல நாகம் பூசிய போல்ற்றால் இறுக்குங்கள். தென்னையில் வெளிப்பக்கத்துக் கருமரம் மட்டும் எடுங்கள். நடுப்பகுதி மெதுவான சோறு, அது சலாகைக்கும் ஆகாது. வளவில் நிற்கும் பலாவை வெட்டலாம் என்று நினைத்தால் முதலில் அனுமதி எடுக்க வேண்டும். பலாவும் ஈரப்பலாவும் 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தில் காக்கப்பட்ட மரங்கள்.

அறிகுறி: மழை நாளில் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது

மின்சாரம் நிலத்துக்குக் கசிந்தால் தானே வெட்டிக்கொள்ளும் சுவிட்ச்தான் ட்ரிப். எல்லாப் பிறேக்கரையும் இறக்கி, ட்ரிப்பை ஏற்றி, பிறேக்கரை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதில் விழுகிறதோ அந்தக் கோட்டில் கோளாறு. பெரும்பாலும் விறாந்தை விளக்கு, கிணற்றுப் பம்ப், வெளிச் சுவிட்ச். எல்லாப் பிறேக்கரும் இறங்கியிருந்தும் விழுந்தால் குழம்ப வேண்டாம்: பிறேக்கர் நேர்க் கம்பியை மட்டுமே வெட்டுகிறது, நியூட்ரல் எங்கோ எர்த்தோடு தொடுகிறது. அதை மின்பணியாளர் கருவி வைத்துத்தான் பிடிக்க வேண்டும். ட்ரிப்பைத் தவிர்த்துக் கம்பியை நேரே கொடுத்துவிட்டுப் போகிறவரை ஒருபோதும் விடாதீர்கள். 30 மில்லி அம்பியர் கசிந்தாலே அது வெட்டுவதுதான் உயிரைக் காக்கிறது. மரப் பட்டியில் ஓடும் றபர், துணி உறைக் கம்பிகளை முழுதாக மாற்றி, சுவரை வெட்டாமல் வெளிக் குழாயில் கொண்டு போங்கள். ஏப்ரலிலும், ஒக்ரோபர், நவம்பரிலும் பின்னேர இடி உண்டு. பூட்டிப் போகும்போது பிளக்குகளைக் கழற்றி விடுங்கள்.

அறிகுறி: கிணற்றுத் தண்ணீர் பழுப்பாகிறது, மணக்கிறது

கண்ணாடிக் கிளாசில் அள்ளி ஒரு மணி வையுங்கள். அள்ளும்போது தெளிவாக இருந்து பிறகு பழுப்பானால் இரும்பு. காற்றுப் படும்படி உயரத்திலிருந்து தொட்டியில் விழவிட்டு, மணலில் வடித்தால் தணியும். அள்ளும்போதே கலங்கலாக இருந்தால் மேல்நிலத் தண்ணீர் புகுகிறது, கிணற்றுக் கட்டின் வெடிப்பை அடையுங்கள்.

நெடுநாள் பாவிக்காத கிணற்றை இறைத்தபின் குளோரின் போட வேண்டும். நாலடி அகலமும் பத்தடித் தண்ணீரும் என்றால் ஏறத்தாழ 3,560 லீற்றர். 30 சதவீதப் பிளீச்சிங் தூள் 590 கிராம் வாளியில் கரைத்து, தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு இரவு விட்டு, மணம் மெலியும் வரை இறைத்து வெளியே விடுங்கள். குடிக்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் பரிசோதிப்பது நல்லது. வெள்ளத்துக்குப் பின்னும் இதே முறை. பீலியையும் அப்போதே துப்புரவாக்குங்கள். தேங்கிய தண்ணீரில் நுளம்பு ஒரு கிழமையில் முட்டையிலிருந்து பறந்துவிடும், நீங்கள் வராத அந்த ஒரு கிழமை போதும்.

அறிகுறி: எல்லாம் திருந்தியும் வீடு அமைதியாக இல்லை

அமைதிக்கென்றே எடுத்த வீட்டில் இதையும் கோளாறாகத்தான் கணக்கிட வேண்டும். அறை நடுவில் நின்று ஒருதரம் கைதட்டுங்கள். ஒலி சிலிர்த்துத் திரும்பினால் வெற்றுச் சுவரும் சீமெந்துத் தரையும் காரணம். பன்பாய் இரண்டு, சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளித் தொங்கும் தடித்த திரை, ஒரு புத்தக அலுமாரி போட்டுத் திரும்பத் தட்டிப் பாருங்கள். பேச்சுக் குரலே தணிந்துவிடும்.

பம்ப் இரைச்சல் வீடு முழுக்கக் கேட்டால் அது காற்றில் வருவதில்லை, குழாயிலும் சுவரிலும் ஏறி வருகிறது. பம்பைச் சுவரோடு சேராத தனிக் கட்டில் வைத்து, அரை அங்குல றபர் தகட்டில் இருத்தி, குழாயில் ஒரு அடி நெகிழ் குழாய் இணையுங்கள். விறாந்தைத் தகரத்தில் மழை அறைந்தால், மேலே இரண்டு படை கிடுகு போடுங்கள். வீதிச் சத்தத்துக்கு யன்னலை அடைப்பது தீர்வல்ல, மூடிய வீட்டின் நோய் திரும்ப வரும். படுக்கையை வீதிக்கு எதிர்ப்பக்க அறைக்கு மாற்றுங்கள்.

பொழுது பட்டதும் கூரையில் தனித்தனியாக இரண்டு மூன்று "டக்" கேட்டால் பயமில்லை, வெயிலில் விரிந்த மரம் குளிர்ந்து சுருங்குகிறது. நடுச்சாமத்தில் ஓடு உரசி, எதோ நடந்து, இழுபட்டால் அது மரநாய். ஒழுக்கு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருவதற்கும் பல வீடுகளில் அதுதான் காரணம். கூரைக்குப் பத்தடிக்குள் வரும் மா, றம்புட்டான் கிளைகளை வெட்டுங்கள். அது புகும் இடைவெளியை இரவில், அது இரை தேடி வெளியே போனபின், வலையால் அடைக்கலாம். அடைக்குமுன் பகலில் காதை வைத்துக் கேளுங்கள். உள்ளே குட்டிகளின் கீச்சுக் குரல் இருந்தால் அவை தாயோடு வெளியேறும் வரை காத்திருங்கள்.